கூட்டல் இல்லாத கணினி: மான்செஸ்டர் 'பேபி'யின் ஏழு கட்டளைகள்

கேள்வி இதுதான்: நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு இயங்கிய முதல் மின்னணுக் கணினிக்கு ஏழே ஏழு கட்டளைகள்தான் இருந்தன என்றும், அந்த ஏழில் கூட்டல் இல்லை என்றும் சொல்கிறார்கள், கூட்டத் தெரியாத ஒன்றை எப்படிக் கணினி என்பது, அந்த ஏழையும் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்?

கூட்டல் என்று தனிக் கட்டளை இல்லை என்பது உண்மை. கூட்டத் தெரியாது என்பது உண்மையில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிட்டால் மீதியும் புரிந்துவிடும். அதற்கு முதலில் அந்த எந்திரம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனெனில் அது கணக்குப் போடுவதற்காகக் கட்டப்பட்டதே அல்ல.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகிய மூவரும் உருவாக்கிய அந்தக் கருவியின் முறையான பெயர் 'சிறு அளவிலான சோதனை எந்திரம்' என்று பொருள்படும்; 'பேபி' என்பது செல்லப் பெயர். சோதிக்கப்பட்டது நினைவகம். போர்க்காலத்தில் ரேடார் ஆய்வில் இருந்த வில்லியம்ஸ், கேத்தோடு கதிர்க் குழாயின் (பழைய தொலைக்காட்சிகளில் இருந்த திரைக் குழாய்) திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக இரும இலக்கங்களை, அதாவது 0, 1 என்ற பிட்டுகளை, சேமிக்கும் முறை ஒன்றை 1946-இல் கண்டுபிடித்திருந்தார். திரையில் விழும் மின்னூட்டம் ஒரு நொடிக்குள் கசிந்து மறைந்துவிடும். ஆகவே மறைவதற்குள் அதைப் படித்து, படித்ததையே திரும்ப எழுதி, மீண்டும் படித்து, மீண்டும் எழுதி என இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1947 இறுதிக்குள் கில்பர்ன் ஒரே குழாயில் 2,048 இலக்கங்களைப் பல மணி நேரம் அழியாமல் வைத்துக் காட்டிவிட்டார். ஆனால் சும்மா நிற்கும் இலக்கங்களைக் காப்பது ஒன்று. கணினியின் வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும் இலக்கங்களைக் காப்பது வேறு. பின்னதைச் சோதிக்க ஒரு கணினி வேண்டும். அத்தகைய கணினி அன்று எங்கும் இல்லாததால் அவர்களே ஒன்றைக் கட்டினார்கள். ஒரு நிரலை ஓட்டி முடிக்கத் தேவையான குறைந்தபட்சம் எதுவோ அதை மட்டும் வைத்தார்கள். ஏழு என்ற எண்ணிக்கையின் பின்னால் இருக்கும் காரணம் அவ்வளவுதான்.

'முதல்' என்ற அடைமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது எனியாக்கை இழுத்து வருவார்கள். அமெரிக்காவின் எனியாக் 1945-இலேயே கட்டி முடிக்கப்பட்ட, பேபியைவிடப் பன்மடங்கு பெரிய கணினி. 1948 வசந்த காலத்தில் அதைத் திருத்தியமைத்து, கட்டளைகளை வரிசையாகப் படித்து இயங்கும்படியும் செய்தார்கள். ஆயினும் அந்தக் கட்டளைகள் கையால் திருப்பி வைக்கும் விசைகளில் இருந்தன. கணினி தானாக அவற்றை மாற்றி எழுத முடியாது. எண்ணும் கட்டளையும் ஒரே நினைவகத்தில், ஒரே வடிவில், மாற்றத்தக்கதாக இருந்து ஓடிய முதல் நிரல் 1948 ஜூன் 21, திங்கட்கிழமை மான்செஸ்டரில் ஓடியது. கீழே வரப்போகும் ஒரு பகுதிக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

இனி எந்திரத்தின் உள்ளே செல்வோம். நினைவகக் குழாயின் திரையில் 32 வரிகள், வரிக்கு 32 பிட்டுகள். மொத்தம் 1,024 பிட்டுகள், அதாவது 128 பைட்டுகள். இன்றைய யூனிகோடு முறையில் 'வணக்கம்' என்ற சொல்லை ஆறு முறை எழுதினால் அந்த இடம் தீர்ந்துவிடும். இரண்டாவது குழாய் ஒன்று திரட்டியாகச் செயல்பட்டது. கணக்கின் நடப்பு மதிப்பு அதில்தான் இருக்கும். மூன்றாவது குழாய் கட்டுப்பாட்டுக்குரியது: அடுத்து எந்த வரியின் கட்டளை என்று காட்டும் கட்டளை எண்ணி அதில் ஒரு வரி, இப்போது நிறைவேறிக்கொண்டிருக்கும் கட்டளை மற்றொரு வரி. நான்காவது குழாய் மனிதர்கள் பார்ப்பதற்கு. முதல் மூன்றில் எதன் உள்ளடக்கத்தை வேண்டுமானாலும் அதில் காட்டச் செய்யலாம். விடையை அறிய அந்தத் திரையில் எந்தப் புள்ளி பளிச்சென்று இருக்கிறது, எது மங்கலாக இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டியதுதான். வேறு வெளியீடு கிடையாது. உள்ளீடும் அப்படியே: வரிசையாகப் பதித்த பொத்தான்களை அழுத்தி ஒவ்வொரு பிட்டாக நினைவகத்தில் வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஏறத்தாழ 550 வால்வுகளும் (மின்னணு வெற்றிடக் குழாய்கள்), 5 மீட்டருக்கு மேல் நீண்ட சட்டங்களும், 3.5 கிலோவாட் மின்சாரமும் தேவைப்பட்டன.

எண்களை எழுதிய முறை இன்றைய கண்ணுக்குத் தலைகீழாகத் தோன்றும். மதிப்பில் மிகச் சிறிய பிட்டு இடப்பக்க ஓரத்தில் இருக்கும்; ஐந்து என்பதை 101000... என்று எழுத வேண்டும். இதற்குப் பின்னால் எந்தத் தத்துவமும் இல்லை. குழாயில் மின்கற்றை இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஆகவே இடப்பக்கப் பிட்டு முதலில் வெளியே வரும். பேபியின் கணக்குச் சுற்று 32 பிட்டுகளையும் ஒரே நேரத்தில் கையாளாமல் ஒவ்வொன்றாகக் கையாண்டது. கையால் கழிக்கும்போது நாம் ஒன்றின் இடத்தில் தொடங்கிக் கடன் வாங்கிக்கொண்டே போவதைப் போல, சிறிய பிட்டு முதலில் வந்தால்தான் கடனை அடுத்த பிட்டுக்குக் கடத்த முடியும். முதலில் வேண்டியது முதலில் வரட்டும் என்று இடப்பக்கத்தில் வைத்தார்கள். எதிர்மறை எண்களுக்கு இன்று வழக்கில் உள்ள இரண்டின் நிரப்பி முறையே (எல்லாப் பிட்டுகளையும் புரட்டிவிட்டு ஒன்றைக் கூட்டுவது) அன்றும் இருந்தது.

ஒரு கட்டளையும் 32 பிட்டு வரி ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கும். பிட்டுகளை 0-இலிருந்து எண்ணினால், 0 முதல் 4 வரையிலான ஐந்து பிட்டுகள் எந்த நினைவக வரி என்பதைச் சொல்லும். ஐந்து பிட்டுகளில் 32 வரிகளையும் குறிக்கலாம். 13, 14, 15 ஆகிய மூன்று பிட்டுகள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். மற்ற பிட்டுகளை எந்திரம் பார்ப்பதில்லை. மூன்று பிட்டுகளில் எட்டுக் குறியீடுகள் கிடைக்கும். அவற்றில் இரண்டு ஒரே வேலையைச் செய்ததால் கட்டளைகள் ஏழாயின.

அவற்றுக்கு அன்று எழுதப்பட்ட குறிகளை விட்டுவிட்டு, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று நானே தமிழ்ப் பெயர்கள் வைத்துக்கொள்கிறேன். 'குறிமாற்றி எடு' என்பது சொன்ன வரியில் உள்ள எண்ணை எதிர்மறையாக்கித் திரட்டியில் வைக்கும்; 7 இருந்தால் திரட்டிக்கு −7 வரும். 'கழி' என்பது சொன்ன வரியில் உள்ள எண்ணைத் திரட்டியிலிருந்து கழிக்கும். இரண்டு குறியீடுகள் பெற்றது இதுதான். 'வை' என்பது திரட்டியில் உள்ளதைச் சொன்ன வரியில் எழுதும். 'தாவு' என்பது சொன்ன வரியில் உள்ள எண்ணைக் கட்டளை எண்ணியில் போடும். 'நகர்' என்பது அந்த எண்ணைக் கட்டளை எண்ணியோடு கூட்டும். 'சோதி' என்பது திரட்டி எதிர்மறையாக இருந்தால் அடுத்த கட்டளையைத் தாண்டிச் செல்லும், இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாது. 'நில்' என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம். கணக்குச் செய்பவை இவற்றில் இரண்டுதான், இரண்டுமே கழித்தல்கள். 'குறிமாற்றி எடு' என்பதைத் தனிக் கட்டளையாக நினைக்க வேண்டாம். திரட்டியின் பழைய மதிப்பை உள்ளே விடாமல் தடுத்து, சுழியத்திலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் அது. ஆக ஒரே ஒரு கழிப்புச் சுற்றைக் கட்டி, பழைய மதிப்பை விடுவது அல்லது தடுப்பது என்ற ஒரு கதவை வைத்ததும் இரண்டு கட்டளைகள் கிடைத்துவிட்டன. கழிப்புச் சுற்றுக்குப் பதிலாகக் கூட்டும் சுற்றைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எடுப்பதும் கூட்டுவதும் எளிதாக இருந்திருக்கும், ஆனால் ஓர் எண்ணை எதிர்மறையாக்க வழியில்லாமல் கழித்தலுக்கென்று இன்னொரு சுற்று தேவைப்பட்டிருக்கும். கழித்தலிலிருந்து கூட்டலைச் செய்துகொள்வது எளிது, கூட்டலிலிருந்து கழித்தலைச் செய்துகொள்வது கடினம். 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதையே அவர்கள் வால்வுகளில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

28-ஆம் வரியில் உள்ள எண்ணையும் 29-ஆம் வரியில் உள்ள எண்ணையும் கூட்டி 30-ஆம் வரியில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரல் இப்படி அமையும்:

குறிமாற்றி எடு 28
கழி 29
வை 30
குறிமாற்றி எடு 30
வை 30

இரண்டு எண்களும் 12, 30 என்றால் திரட்டியில் முதலில் −12, பிறகு −42. அதை வைத்துவிட்டுக் குறிமாற்றி எடுத்தால் 42. ஒரு கூட்டலுக்கு ஐந்து கட்டளைகள், அதாவது மொத்த நினைவகத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இது வீண்செலவு என்று நினைக்கலாம். நடைமுறையில் இவ்வளவு ஆகாது. நிரல் எழுதுபவர் எந்த எண்ணை எதிர்மறையாகவே முன்கூட்டி வைப்பது, எந்த இடத்தில் குறி தானாகச் சரியாகிவிடும் என்று யோசித்து எழுதினால் பாதிக் கட்டளைகள் மிச்சமாகும். பேபிக்கு நிரல் எழுதும் கலையே இந்தக் குறி விளையாட்டுதான் என்று சொல்வேன்.

தாவல் கட்டளைகள் இரண்டும் இன்னும் விசித்திரமானவை. இன்றைய கணினியில் '6-ஆம் இடத்துக்குப் போ' என்றால் 6 என்பது கட்டளைக்குள்ளேயே எழுதியிருக்கும். பேபியில் '22-ஐப் பார்த்துத் தாவு' என்று எழுதி, போக வேண்டிய இடத்தை 22-ஆம் வரியில் ஓர் எண்ணாக வைக்க வேண்டும். கழிப்பதற்கோ எடுப்பதற்கோ நினைவக வரி ஒன்றிலிருந்து எண் வரும் பாதை எதுவோ, அதே பாதையில் வரும் எண்ணைத் திரட்டிக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டுக் குழாய்க்குத் திருப்பிவிட்டார்கள். புதிய பாதை எதுவும் தேவைப்படவில்லை. எந்திரத்துக்கு மிச்சம், நிரலுக்கு நட்டம்: இருக்கும் 32 வரிகளில் ஒவ்வொரு தாவல் இலக்குக்கும் ஒரு வரி போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாவ வேண்டிய இடம் 5 என்றால் வைக்க வேண்டிய எண் 4. எந்திரம் ஒவ்வொரு கட்டளையையும் நான்கு தாளங்களில் நிறைவேற்றியது. நினைவகத்தைப் புதுப்பிக்கும் தாளமும் நினைவகத்தைப் பயன்படுத்தும் தாளமும் மாறி மாறி வரும். முதல் தாளத்தில் நினைவகத்தின் ஒரு வரி புதுப்பிக்கப்படும்போதே கட்டளை எண்ணியோடு ஒன்று கூட்டப்படும். இரண்டாம் தாளத்தில் அந்த எண்ணுக்குரிய கட்டளை எடுக்கப்படும். மூன்றாவதில் மீண்டும் புதுப்பித்தல். நான்காவதில் கட்டளை நிறைவேறும். எடுப்பதற்கு முன்பே ஒன்று கூடிவிடுவதால் இலக்கை ஒன்று குறைத்தே எழுத வேண்டும். சுழியத்தில் தொடங்கும் எந்திரம் முதலில் நிறைவேற்றுவது வரி 0-ஐ அல்ல, வரி 1-ஐ. 'சோதி' வேலை செய்யும் விதமும் இதிலிருந்தே விளங்கும்: திரட்டி எதிர்மறையாக இருந்தால் அடுத்த முறை ஒன்றுக்குப் பதில் இரண்டு கூட்டப்படும், அவ்வளவுதான். கட்டளை எண்ணிக்கென்று கூட்டும் சுற்று ஏற்கெனவே இருந்ததால் 'நகர்' என்ற கட்டளையும் பெரிய செலவின்றிக் கிடைத்திருக்க வேண்டும். என் பார்வையில் ஏழில் இதைத் தவிர்த்திருக்கலாம். 'நகர்' செய்யும் எதையும் 'தாவு' செய்துவிடும். அதே கண்டிப்போடு பார்த்தால் 'நில்' என்பதும் ஆடம்பரம்தான், தன்னையே சுற்றும் ஒரு தாவல் போதும். ஆனால் விடைக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

முற்றிலும் சுழியமாக உள்ள வரியை எந்திரம் கட்டளையாகப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா? 000 என்பது 'தாவு' கட்டளையின் குறியீடு. சுழிய வரி என்றால் 'வரி 0-ஐப் பார்த்துத் தாவு'. வரி 0-இலும் சுழியம் இருந்தால் எண்ணி சுழியமாகி, ஒன்று கூடி, வரி 1-க்கு வரும், அங்கும் சுழியம். வெற்று நினைவகத்தோடு ஓடவிட்ட பேபி வரி 1-இலேயே முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு குறைந்த கட்டளைகளைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர்கள் ஓட்டிய முதல் நிரலே சான்று. அப்போது 26 வயதான கில்பர்ன் எழுதிய அந்த நிரல் ஓர் எண்ணின் மிகப் பெரிய வகுஎண்ணை, அந்த எண்ணைத் தவிர்த்து, கண்டுபிடிக்கும். வகுத்தல் கட்டளை கிடையாது. ஆகவே கழித்துக் கழித்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஓடிய வடிவத்தில் 17 கட்டளைகள் இருந்தன. சில வாரங்களில் திருத்தப்பட்ட 19 கட்டளை வடிவம் ஒன்று, ஜூலை 18 என்ற தேதியோடு டூட்டிலின் குறிப்பேட்டில் இருக்கிறது. கீழே சொல்வது அந்த வடிவத்தை.

வரி 23-இல் ஆராய வேண்டிய எண் எதிர்மறையாக வைக்கப்பட்டிருக்கும். 'குறிமாற்றி எடு' என்றதும் அது நேர்மறையாக வந்துவிடும். வரி 24-இல் சோதிக்க வேண்டிய முதல் வகுஎண், அதாவது அந்த எண்ணைவிட ஒன்று குறைந்தது. முதல் நான்கு கட்டளைகள் இந்த வகுஎண்ணை 26-ஆம் வரியில் எதிர்மறையாகவும் 27-ஆம் வரியில் நேர்மறையாகவும் பிரதி எடுத்து வைக்கின்றன. இரண்டு குறியிலும் ஒரே எண்ணை ஏன் வைக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். 5-ஆவது கட்டளை ஆராயும் எண்ணை எடுக்கிறது. 6-ஆவது, வரி 27-ஐக் கழிக்கிறது. 7-ஆவது 'சோதி'. திரட்டி இன்னும் எதிர்மறையாகவில்லை என்றால் 8-ஆவது கட்டளையான 'நகர்' நிறைவேறும்: எண்ணி அப்போது 8, நகர்த்தும் மதிப்பு −3, கிடைப்பது 5, ஒன்று கூடி 6; மறுபடி கழித்தல். எதிர்மறையாகிவிட்டால் 8-ஐத் தாண்டி 9-க்கு வரும். ஒரு முறை கூடுதலாகக் கழித்துவிட்டோம், அதைத் திருப்பிக் கூட்ட வேண்டும், கூட்டல் இல்லை, ஆனால் வரி 26-இல் எதிர்மறைப் பிரதி காத்திருக்கிறது, அதைக் கழித்தால் கூட்டியதாகிவிடும். இப்போது திரட்டியில் இருப்பது மீதி.

அடுத்து வருவதுதான் இந்த நிரலில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மீதி சுழியமா என்று அறிய வேண்டும், ஆனால் 'சோதி'க்குத் தெரிந்தது எதிர்மறையா இல்லையா என்பது மட்டுமே. மீதி ஒருபோதும் எதிர்மறையாக இருக்காது. ஆகவே அதைக் குறிமாற்றினால் சுழியம் மட்டும் சுழியமாகவே நிற்கும், மற்றவை எல்லாம் எதிர்மறையாகிவிடும். எடுக்கும்போதெல்லாம் குறியை மாற்றிவிடும் எந்திரத்தில் இதற்குத் தனி முயற்சியே வேண்டாம்: 25-ஆம் வரியில் வைத்து, 25-ஐ எடுத்து, சோதித்தால் போதும். சுழியமானால் 13-ஆவது வரியில் உள்ள 'நில்' நிறைவேறும். இல்லாவிட்டால் அதைத் தாண்டி, 14 முதல் 18 வரையிலான கட்டளைகள் வகுஎண்ணில் ஒன்றைக் குறைத்து இரண்டு பிரதிகளையும் புதுப்பிக்கும். 19-ஆவது கட்டளை 22-ஆம் வரியில் உள்ள 4-ஐப் பார்த்துத் தாவி 5-க்குத் திரும்பும்.

எண் 6 என்று வைத்துத் தாளில் ஓட்டிப் பாருங்கள். 5-ஐக் கழித்தால் 1, மீண்டும் கழித்தால் −4, திருப்பிக் கூட்டினால் மீதி 1, நிற்காது. 4-ஐக் கொண்டு மீதி 2, நிற்காது. 3-ஐக் கழித்தால் 3, பிறகு 0, பிறகு −3; திருப்பினால் மீதி 0; நின்றுவிடும். 27-ஆம் வரியில் விடை 3. இந்தப் பத்தொன்பது வரிகளில் ஏழு கட்டளைகளும் ஒரு முறையாவது வந்துவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். சோதனைக்கென்று கட்டிய எந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிரல் அமைவது அரிது.

அவர்கள் பெரிய சோதனைக்கு எடுத்துக்கொண்டது 2-இன் 18-ஆம் அடுக்கு, அதாவது 262,144. அதன் மிகப் பெரிய வகுஎண் 131,072 என்பது பார்த்தவுடன் தெரிகிற விடை. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்தால்தானே எந்திரம் சரியா என்று சொல்ல முடியும்! ஆனால் எந்திரம் 262,143-இலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும். 52 நிமிடங்கள் தொடர்ந்து ஓடிச் சரியான விடையைத் தந்தது. 1948 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான கடிதத்தில் வில்லியம்ஸும் கில்பர்னும் இதற்கு ஏறத்தாழ 35 லட்சம் செயல்பாடுகள் ஆயின என்று எழுதினார்கள். மேலே சொன்ன ஜூலை வடிவத்தை நான் தாளில் எண்ணிப் பார்த்தேன்: சோதிக்கப்படும் ஒவ்வோர் எண்ணும் பாதிக்கு மேற்பட்டது என்பதால் இரண்டே கழித்தல்களில் மீதி தெரிந்துவிடும், ஒரு சுற்றுக்கு 16 கட்டளைகள், 131,072 சுற்றுகள், மொத்தம் 21 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டளைக்கு ஏறத்தாழ 1.2 மில்லி வினாடி என்ற எந்திரத்தின் வேகத்தில் இது 42 நிமிட வேலை. கட்டளையை எடுக்க ஒரு முறை, எண்ணை எடுக்க ஒரு முறை என்று நினைவகத்தைத் தொடும் தடவைகளைத் தனித்தனியே எண்ணினால் தொகை 38 லட்சத்தை எட்டும். 'செயல்பாடு' என்ற சொல்லை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை இப்படி மாறும்.

எந்திரம் நிற்கும்போது திரை எப்படி இருக்கும் என்பதையும் இதே வடிவத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். 25-ஆம் வரி முழுவதும் மங்கல், மீதி சுழியம். 26-ஆம் வரியில் இடமிருந்து பதினேழு புள்ளிகள் மங்கலாகவும் அதற்குப் பின் வலப்பக்க ஓரம் வரை எல்லாம் பளிச்சென்றும் இருக்கும், அது −131,072. 27-ஆம் வரியில் பதினெட்டாவது இடத்தில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி. ஐம்பத்திரண்டு நிமிடங்களாக ஆடிக்கொண்டிருந்த புள்ளிகள் அசையாமல் நின்று, அந்த ஒற்றைப் புள்ளி அங்கே இருந்தால் நினைவகம் தவறவில்லை என்று பொருள். இடையில் ஒரு பிட்டு ஒரு முறை பிசகியிருந்தாலும் படம் மாறியிருக்கும்.

பேபியால் செய்ய இயலாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருக்கல், வகுத்தல் இல்லை. பிட்டுகளை இடம் பெயர்க்கும் கட்டளையோ தருக்கக் கட்டளையோ இல்லை. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் கட்டளைகள் இல்லை. நினைவகம் இவ்வளவு சிறியது என்பதைத் தவிர, இவற்றில் எதுவும் அடிப்படைத் தடை இல்லை; கணக்கும் தருக்கமும் சார்ந்த எல்லாவற்றையும் கழித்தல், சோதனை, தாவல் மூன்றாலும் கட்டிக்கொள்ளலாம், நேரம்தான் ஆகும். 1998-இல் பொன்விழாவுக்காக கிறிஸ் பர்ட்டன் தலைமையில் பேபியின் இயங்கும் மறுபடைப்பு ஒன்றைக் கட்டினார்கள். அது மான்செஸ்டர் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு நிரல் எழுதும் போட்டி ஒன்றும் வைத்தார்கள். பரிசு வென்றது ஜப்பானிலிருந்து வந்த, நூடுல்ஸ் வேகும் நேரத்தைக் கணக்கிடும் நிரல்.

உண்மையான குறை வேறோர் இடத்தில் இருந்தது. 20 முதல் 24 வரையிலான வரிகளில் ஐந்து எண்கள் இருக்கின்றன, ஒரே சுழற்சியில் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? 'கழி 20' என்று எழுதிய கட்டளை அடுத்த சுற்றில் 'கழி 21' ஆக வேண்டும். எண்ணும் கட்டளையும் ஒரே நினைவகத்தில் இருப்பதன் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. 'கழி' என்பதன் குறியீட்டில் 15-ஆம் பிட்டு மட்டும் 1, அதன் மதிப்பு 32,768. வரி எண் 20. ஆகவே 'கழி 20' என்ற கட்டளையை எண்ணாகப் படித்தால் 32,788. அதில் ஒன்றைக் கூட்டினால் 32,789. அதைக் கட்டளையாகப் படித்தால் 'கழி 21'. வரி எண்ணைச் சொல்லும் பிட்டுகள் மதிப்பில் மிகச் சிறிய பக்கத்தில் இருப்பதால் இது சாதாரணக் கணக்காகவே முடிந்துவிடுகிறது. நிரல் தன் கட்டளையைத் தானே குறிமாற்றி எடுத்து, 1-ஐக் கழித்து, வைத்து, மீண்டும் குறிமாற்றி எடுத்து, பழைய இடத்தில் எழுதிவிட்டால் அடுத்த சுற்றில் வேறு வரியைக் கழிக்கும். எனியாக்கின் விசைகளில் இருந்த கட்டளைகளால் இதைச் செய்திருக்கவே முடியாது.

முடியும் என்றாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து கட்டளைகள் இதற்கே செலவாகும். நிரல் முடிந்த பிறகு கட்டளைகள் உருமாறிக் கிடக்கும், மீண்டும் ஓட்ட வேண்டுமானால் முதல் வடிவத்துக்கு மீட்டாக வேண்டும். பேபியை வளர்த்தெடுத்து 1949-இல் அதே குழுவினர் அமைத்த மான்செஸ்டர் மார்க் 1 கணினியில் கூட்டலும் பெருக்கலும் கட்டளைகளாகவே வந்துவிட்டன. அதைவிடப் பெரிய மாற்றமாக நான் கருதுவது புதிதாகச் சேர்ந்த ஒரு சிறு குழாயை. அதில் ஓர் எண்ணை வைத்துவிட்டால், கட்டளை நினைவகத்திலிருந்து எடுக்கப்பட்டு வரும் வழியிலேயே அந்த எண் அதன் வரி எண்ணோடு கூட்டப்படும். நினைவகத்தில் உள்ள கட்டளை 32,788 போன்ற தன் பழைய மதிப்பிலேயே மாறாமல் இருக்கும். இன்று ஒவ்வொரு கணினியிலும் உள்ள சுட்டுப் பதிவேட்டின் தொடக்கம் அதுதான். திரட்டிக் குழாய்க்கு 'ஏ' என்றும் கட்டுப்பாட்டுக் குழாய்க்கு 'சி' என்றும் பெயர் இருந்ததால், இடையில் காலியாக இருந்த 'பி' என்ற எழுத்தை இதற்கு வைத்தார்கள்.